கிதாரின் சத்தம்: ஒரு திருத்தம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹோக்கின் ரோட்ரிகோவின் 'அரன்ஹுவேஸ் கான்செர்ட்டோ' பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். கையில் கிடைத்த பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, எது உசத்தி எது மட்டம் என்று வரிசை போட்டிருந்தேன். பழைய வாசகர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அதில் நான் வைத்திருந்த அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: கிதார் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. நகம் நரம்பில் படுகிற 'டிக்' வரைக்கும் கேட்டால் முதலிடம். வயலின்களுக்குள் கிதார் முங்கிப் போனால் கடைசி இடம்.

அந்த வரிசையை இன்று வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் சொல்ல முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. கான்செர்ட்டோ என்றால் ஒரு தனிக் கருவியும் ஒரு முழு இசைக்குழுவும் சேர்ந்து, சில இடத்தில் எதிர்த்தும் வாசிக்கிற உருப்படி. பெரும்பாலும் மூன்று பகுதி: வேகம், நிதானம், மறுபடி வேகம். குழுவை ஆர்க்கெஸ்ட்ரா என்று சொன்னால் எங்கள் பள்ளிப்பட்டுப் பக்கம் வேறு அர்த்தம் வந்துவிடும். ஆடித் திருவிழாவில் மேடை போட்டு, இரண்டு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், ஆளுயர ஸ்பீக்கரோடு விடிய விடிய சினிமாப் பாட்டுப் பாடுவதுதான் எங்களுக்கு ஆர்க்கெஸ்ட்ரா. நான் சொல்வது அதில்லை. முப்பது நாற்பது பேர், மைக் இல்லாமல், வயலின், செல்லோ, புல்லாங்குழல், ஹார்ன் என்று உட்கார்ந்து வாசிப்பது.

அந்த முப்பது நாற்பது பேருக்கு முன்னால் ஒரு கிதாரைக் கொண்டுவந்து உட்கார வைப்பதில்தான் சிக்கல். வயலின்காரர் வில்லை இழுத்துக்கொண்டே இருக்கும்வரை சத்தம் வந்துகொண்டே இருக்கும்; வேண்டுமானால் போகப்போகக் கூட்டலாம். கிதாரில் மீட்டிய கணமே சத்தம் சாக ஆரம்பிக்கிறது. அதைத் தாங்கிப்பிடிக்க வழி கிடையாது. பத்து வயலின் ஒரே சுரத்தை நீட்டினால், கிதார்க்காரர் விரல் ஒடியத் தட்டினாலும் பின்வரிசைக்குப் போய்ச் சேராது. இது புதுச் சிக்கலும் இல்லை. இத்தாலிக்காரர் மௌரோ ஜூலியானி வியன்னாவில் 1808-லேயே ஒரு கிதார் கான்செர்ட்டோ வாசித்துக் காட்டினார். அவர் தப்பித்த வழி எளிமையானது: கிதார் பேசும்போது குழு கிட்டத்தட்ட வாயை மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் இந்த வகையில் இன்றைக்கும் அரங்கத்தில் அடிக்கடி ஒலிக்கிற மாதிரி ஒன்றும் பெரிதாக வரவில்லை. பெர்லியோஸ் கிதார் வாசிக்கத் தெரிந்தவர். பாகனினி அதில் வித்வானே. இரண்டு பேரும் கிதாருக்குக் கான்செர்ட்டோ எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத்தான் அதன் பலவீனமும் தெரியும் என்று நினைக்கிறேன்.

பிறகு 1939-ல், ஒரே வருஷத்தில், இரண்டு வந்தன. ஒன்று காஸ்தெல்நுவோ-தெதெஸ்கோ, ஆந்த்ரேஸ் செகோவியாவுக்காக எழுதியது. இன்னொன்று ரோட்ரிகோ பாரீஸில் உட்கார்ந்து எழுதிய அரன்ஹுவேஸ். ரோட்ரிகோவுக்கு மூன்று வயதில் தொண்டை அடைப்பான் நோயில் பார்வை போனது. பிரெய்ல் முறையில் சுரம் எழுதி, பிறகு ஒருவருக்குச் சொல்லிப் படியெடுப்பார். அவர் பியானோக்காரர், கிதார்க்காரர் இல்லை. 1940 நவம்பர் 9-ஆம் தேதி பார்சிலோனாவின் பலாவ் தெ லா மூசிகா அரங்கில் ரெஹினோ சாய்ன்ஸ் தெ லா மாசா அதை முதன்முதலாக வாசித்தார். சுமார் 2,000 பேர் உட்காரக்கூடிய இடம் அது. நைலான் நரம்பு அப்போது வரவில்லை; உலகப்போருக்கு அப்புறம்தான் வந்தது. குடல் நரம்பு போட்ட ஒரு கிதார், 2,000 நாற்காலி. எப்படித் துணிந்தார்கள் என்று நான் ரொம்ப நாள் யோசித்ததுண்டு.

போன டிசம்பரில் அந்தத் துணிச்சலை நேரில் பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. சென்னையில் ஒரு அரங்கம், பேர் வேண்டாம். ஒரு சிறிய குழு, வெளியூரிலிருந்து வந்த ஒரு கிதார்க்காரர், நிகழ்ச்சியில் அரன்ஹுவேஸ். பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்கு பஸ், திருத்தணியிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. பதினைந்தாவது வரிசையில் இடம் கிடைத்தது. மைக் வைக்கப்போவதில்லை என்று முதலிலேயே அறிவித்துவிட்டார்கள்.

கிதார்க்காரர் ஆரம்பித்தார். அந்த முதல் பகுதி கிதார் மட்டும் விரல்களால் உதறி உதறி அடிக்கிற சுரக்கட்டுகளில் தொடங்கும். கீழே டபுள் பாஸ் ஒரே சுரத்தை சுருதிப்பெட்டி மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். வீட்டில் ஹெட்போனில் கேட்கும்போது காதுக்குள்ளேயே குதிரை ஓடுகிற மாதிரி இருக்கும். அங்கே எனக்குக் கேட்டது, பக்கத்து வீட்டில் யாரோ முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம். என் பக்கத்தில் இருந்தவர் தன் மனைவியிடம் "மைக் ஆன் பண்ண மறந்துட்டாங்க போல" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன், அறிவிப்பைக் கேட்டிருந்தும்கூட. ஏசி ஓடுகிற இரைச்சல் கிதாரைவிடத் தெளிவாகக் கேட்டது. ஏமாந்துபோய்த்தான் ரயில் ஏறினேன்.

ரயிலில் அதே உருப்படியை ஃபோனில் போட்டுக் கேட்டேன். அப்பாடா என்றிருந்தது. கிதார் திரும்பவும் பெரிசாகிவிட்டது! ஆர்க்கெஸ்ட்ரா அளவுக்குப் பெரிசு. அரக்கோணம் தாண்டும்போதுதான் இடறியது: இவ்வளவு பெரிய கிதார் எங்கேயும் கிடையாதே. நான் இத்தனை வருஷம் 'தெளிவு' என்று மார்க் போட்டுக்கொண்டிருந்தது ஒலிப்பதிவு மேஜையில் ஒருவர் ஒரு குமிழைத் தள்ளிய தூரத்துக்கு. கிதாருக்கு முன்னால் ஒரு மைக், மற்றவர்களுக்குத் தள்ளி சில மைக்; அப்புறம் கலக்கும்போது எதைத் தூக்குவது, எதை அமுக்குவது என்பது அவர் கையில்.

சரி, ரோட்ரிகோ என்னதான் எழுதினார் என்று சுரத்தாளை வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை கிதாரைக் கேட்கவில்லை. கிதார் வாசிக்கும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன். இதை நீங்களும் செய்து பாருங்கள், உருப்படியே வேறாகத் தெரியும். குழு முழுதும் உரத்து வாசிக்கிற இடங்களில் கிதார் அநேகமாக ஓய்வில் இருக்கிறது. கிதார் ஓடுகிற இடங்களில் வயலின்கள் வில்லைப் போட்டுவிட்டு விரலால் சுண்டுகின்றன, அல்லது மேலே எங்கோ மெல்லிசாக ஒரு சுரத்தைப் பிடித்து நிற்கின்றன. கிதாரின் குரல் நடு மண்டலத்தில் இருக்கிறதென்றால், அந்த நடுவை மற்றவர்கள் காலி செய்து கொடுக்கிறார்கள். பஸ்ஸில் வயசானவர் ஏறினால் இரண்டு பேர் எழுந்து இடம் விடுவார்களே, அந்த மாதிரி. ஒரு வாக்கியம் கிதார், பதில் வாக்கியம் குழு. குழு முடித்த மிச்சத்தின் மேல் கிதார் திரும்ப ஏறும்.

நடுப்பகுதிதான் எல்லோருக்கும் தெரிந்தது. அதன் மெட்டை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். கிதார் மெதுவாகச் சுரக்கட்டுகளைத் தடவிக்கொண்டிருக்க, மெட்டை முதலில் எடுப்பது கோர் ஆங்லே. ஓபோவுக்கு அண்ணன், கொஞ்சம் கட்டைக் குரல். நம் நாதஸ்வரத்துக்குப் போலவே இரட்டைச் சீவாளி. நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது அந்தக் குரலை உடனே இனம் கண்டுகொள்ளும், அந்தச் சின்ன மூக்கடைப்பு உட்பட. அது ஒரு அடி பாடி முடித்ததும் அதே மெட்டை கிதார் எடுக்கிறது. ஆனால் கிதாரால் கோர் ஆங்லே மாதிரி நீட்ட முடியாது. அதனால் அது சுரத்தைச் சுற்றிச் சுற்றி உதிர்க்கிறது, இறங்கி ஏறுகிறது, ஒரே சுரத்தைத் திரும்பத் தொடுகிறது. நான் முன்பு இதை அலங்காரம் என்று எழுதியிருந்தேன். தப்பு. சாகிற சத்தத்தை உயிரோடு வைத்திருப்பதற்கான பாடு அது. மூச்சு உள்ளவன் ஒரே மூச்சில் சொன்னதை, மூச்சு இல்லாதவன் நூறு துண்டாகச் சொல்கிறான்.

கடைசியில் கிதார் தனியாக நீளமாக ஒரு ஆவர்த்தனம் வாசித்து, உதறி உதறி மேலே ஏற்றிக்கொண்டே போய், இதற்கு மேல் முடியாது என்கிற இடத்தில் நிறுத்தும். அந்தக் கணத்தில் மொத்தக் குழுவும் மெட்டைப் பிடித்துக் கொட்டும். கிதார் அங்கே கிடையாது. வாயடைத்து உட்கார்ந்திருக்கும். ஒலிப்பதிவில் இந்த இடம் எனக்கு எப்போதும் சும்மா ஒரு சத்தமான இடமாகத்தான் பட்டிருக்கிறது. ஏனென்றால் அதுவரைக்கும் கிதாரும் அதே அளவு சத்தமாகத்தான் இருந்தது. அரங்கத்தில் பதினைந்து நிமிஷமாகக் காதைத் தீட்டிக்கொண்டு அந்தச் சின்னக் குரலைப் பின்தொடர்ந்தவனுக்கு அந்த வெடிப்பு எப்படி இருந்தது? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதுகு சிலிர்த்தது. ஏமாந்துபோய் ரயில் ஏறினேன் என்றேனே, இந்த ஒரு நிமிஷத்தைத் தவிர. அது ஏன் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

(இந்த மெட்டுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு: மனைவி விக்டோரியாவின் முதல் கர்ப்பம் கலைந்த துக்கத்தில் எழுதியது என்று. விக்டோரியாவே தன் நினைவுக்குறிப்பில் அப்படித்தான் எழுதுகிறார். குயெர்னிகா குண்டுவீச்சு பற்றியது என்று வேறு ஒரு கதையும் சுற்றுகிறது. கதையைச் சொல்லி அழவைப்பது சுலபம். நான் அந்தப் பக்கம் போகவில்லை.)

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன், கொஞ்சம் சங்கடத்தோடு.

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை, இந்த வட்டாரம் விசைத்தறி வட்டாரம். லுங்கி நெய்கிறவர்கள் நாங்கள். தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறி ஓடும். நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அடிபட்டுப் போய்த் திரும்புகிற சத்தம், நாலு தறி, எட்டுத் தறி, ஒரே கொட்டகையில். உள்ளே பேச முடியாது, கையால் ஜாடை காட்டுவோம், இல்லாவிட்டால் காதருகே வாய் வைத்துக் கத்துவோம். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகளில் இருக்கிற வரம்பு. தறிக்கொட்டகை அதைச் சாதாரணமாகத் தாண்டும். வீட்டோடு இருக்கிற கொட்டகையில் யார் வந்து அளக்கப்போகிறார்கள்? பள்ளிக்கூடம் படிக்கும்போதே லீவு நாளில் தறிக்கு நின்றவன் நான். கல்லூரி முடித்தும் மூன்று வருஷம் முழுநேரமாக ஓட்டினேன்.

பெரியப்பா நாற்பது வருஷம் ஓட்டினவர். சென்னையிலிருந்து வந்த அந்த வாரம், திண்ணையில் சின்ன ஸ்பீக்கரில் அரன்ஹுவேஸ் போட்டேன். கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "இன்னாடா பாட்டு இது, ஒருத்தன் பஞ்சு மூட்டைய தட்டினே கிறான், திடீர்னு ஊரே சேந்து கத்துது." நான் சிரித்துவிட்டேன். "பஞ்சு இல்ல பெரியப்பா, கிதாரு. கம்பி சத்தம், கிணுகிணுன்னு கேக்கல?" என்றேன். "கிணுகிணுவா? எனுக்கு ஒண்ணும் கேக்கல" என்றார். சிரிப்பு நின்றது. ஏனென்றால் பதினைந்தாவது வரிசையில் உட்கார்ந்து எனக்குக் கேட்டதும் ஏறத்தாழ அதேதான். முறம் புடைக்கிற சத்தம்.

மார்ச் மாதம் காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்று சொல்வார்கள். வந்த வரைபடத்தில் கோடு 2,000 ஹெர்ட்ஸ் வரை சுமாராகப் போய், 4,000-த்தில் பள்ளத்தில் விழுந்து, 8,000-த்தில் கொஞ்சம் ஏறியிருந்தது. இரண்டு காதிலும். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்ட முதல் கேள்வி: "தறி ஓட்டினீங்களா?" இரைச்சலில் கெடுகிற காது அந்த இடத்தில்தான் முதலில் கெடும் என்றார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கிதாரின் அடிச் சுரம் 82 ஹெர்ட்ஸ். மேல் நரம்பில் பத்தொன்பதாவது கட்டில் விரல் வைத்தால்கூட 1,000-த்தைத் தொடாது, 988. ஆக சுரங்கள் எல்லாம் எனக்குக் கேட்கின்றன. ஆனால் ஒரு சுரத்துக்கு விளிம்பு கொடுப்பது அதன் ஆரம்பத் துணுக்கு: நகம் நரம்பை விட்டு விலகுகிற கணம், அதன் மேல்சுரங்கள், நரம்பில் விரல் உரசுகிற சீறல். அவற்றில் நிறைய என் பள்ளத்துக்குள் விழுகின்றன. எனக்குக் கேட்கிற கிதார் ஓரம் மழுங்கின கிதார். நகச் சத்தம் தூக்கலாக இருக்கிற பதிவுகளைத் தேடித்தேடி முதலிடம் கொடுத்தேனே, அதை நான் ரசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி போட வேண்டியவன் பெரிய எழுத்துப் புத்தகம்தான் நல்ல புத்தகம் என்று விமரிசனம் எழுதின கதை.

பழியை முழுக்கத் தறி மேல் போட்டுவிடவும் மனசில்லை. 'மைக் மறந்துட்டாங்க' என்று சொன்னவர் தறி ஓட்டினவராகத் தெரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவானது வேறொன்று: கோடம்பாக்கம்.

தமிழ்க் காதுக்குக் கிதாரும் வயலின் கூட்டமும் சேர்ந்து ஒலிப்பது அந்நியமே இல்லை. இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்து, லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் தேர்வில் கிளாசிக்கல் கிதாருக்குத் தங்கப் பதக்கம் வாங்கினவர். இசையமைப்பாளர் ஆவதற்கு முன்னால் மற்றவர்களின் குழுவில் கிதார் வாசித்துப் பிழைத்தவர். 1980-ல் 'மூடுபனி'யின் 'என் இனிய பொன் நிலாவே', 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை'யின் 'இளைய நிலா' இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் சந்திரசேகர் வாசித்த அந்த முன்னிசையைத் தெரியாத கிதார் மாணவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. கிதார் தனியாக ஆரம்பிக்கிறது, குரல் வந்த பிறகும் பின்னாலேயே ஓடுகிறது, மற்ற வாத்தியங்கள் வந்தும் அது சிறுத்துப்போவதே இல்லை. சிறுத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை, அதற்கென்று ஒரு மைக் இருக்கிறது. நமக்கு ஆறேழு வயதிலிருந்தே கிதார் என்றால் வயலின் கூட்டத்துக்குச் சமமான உருவம் உள்ள ஒரு கருவி. டீக்கடை ரேடியோவிலும் பஸ்ஸிலும் அப்படித்தான் கேட்டோம். அந்தக் காதோடு அரன்ஹுவேஸுக்குப் போனால், அதன் மையப் பிரச்னையே நமக்குத் தெரியாது. தீர்வு மட்டும் தெரியும், அதுவும் வேறு ஒரு தீர்வு.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மைக்கை நம்பி எழுதுவதும் எழுத்துதான். கிசுகிசுக்கிற கிதாரையும் முழங்குகிற வயலின்களையும் ஒரே உயரத்தில் நிற்க வைக்க முடியும் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற எதிரிழைகளைப் பின்னினது ராஜாவின் கெட்டிக்காரத்தனம். ரோட்ரிகோவுக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1986-ல் ராஜா தியாகராஜருக்கும் பாகுக்கும் சமர்ப்பணமாக 'ஹவ் டு நேம் இட்' வெளியிட்டபோது முன்னால் நிறுத்தியது வி.எஸ். நரசிம்மனின் வயலினை. இரண்டு வருஷம் கழித்து 'நத்திங் பட் விண்ட்', அதில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். பதக்கம் வாங்கின கருவி இரண்டிலும் நாயகன் இல்லை. என் ஊகம், கிதார் அவருக்கு யோசிக்கிற கருவி. மேடையில் நிறுத்திப் பேசவைக்க அவருக்கு மூச்சோ வில்லோ உள்ள கருவி வேண்டியிருந்தது. பெர்லியோஸையும் பாகனினியையும் சொன்னேனே, அந்த வரிசையில்தான் இவரையும் வைப்பேன்.

மெல்லிய கருவிக்கு மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, அதுவும் நம்ம ஊர் வழி. வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுனில் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பார். மிருதங்கம் கிடையாது. வருகிறவர்கள் அசையாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். இடைஞ்சலாக யாரும் சத்தம் போட முடியாது. கருவியைப் பெரிசாக்கவும் இல்லை, கூட வாசிக்கிறவர்களை விலக்கி எழுதவும் இல்லை. அறையையே சின்னதாக்கிவிட்டார். இன்றைக்கு வீணைக் கச்சேரிகளில் காண்டாக்ட் மைக் ஒட்டி, ஏதோ எலெக்ட்ரிக் கிதார் மாதிரி ஒலிப்பதைக் கேட்டு நொந்துபோகிறவர்கள் நிறையப் பேர். நானும்தான். அப்படி நொந்துகொண்டே கிதார் பதிவில் மட்டும் நகச் சத்தத்துக்கு மார்க் போட்டிருக்கிறேன் என்பதை இப்போது கவனிக்கிறேன்.

மேற்கிலும் இந்தச் சண்டை நடந்தது. செகோவியா ஒலிபெருக்கியைக் கிட்டவே சேர்க்கவில்லை. அவர் மாணவராக இருந்த ஜான் வில்லியம்ஸ் கான்செர்ட்டோ வாசிக்கும்போது வெளிப்படையாக மைக் வைத்துக்கொண்டார். தத்துவமாகக் கேட்டால் எனக்கு வில்லியம்ஸ் கட்சிதான் நியாயம். கேட்காத கருவியை யார் காசு கொடுத்துக் கேட்பார்கள்? ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறது. கேட்கிற அளவுக்குத் தூக்குவது வேறு, குழுவோடு தோள் உரசுகிற அளவுக்குத் தூக்குவது வேறு. இரண்டாவதைச் செய்தால் அந்த நடுப்பகுதி வெடிப்பு செத்துப்போகிறது.

இந்தக் கணக்கில் பழைய பட்டியலைத் திருத்தினால் இப்படி ஆகிறது. முதலிடத்தில் நான் வைத்திருந்த வில்லியம்ஸ்–பேரன்பாய்ம் (1974) கீழே இறங்குகிறது. அபாரமான விரல்கள், ஒரு சுரம் பிசகாது, ஆனால் கிதார் நம் மடியில் உட்கார்ந்திருக்கிறது. அப்போது 'மந்தம்' என்று எழுதி ஒதுக்கின ஜூலியன் பிரீம்–காலின் டேவிஸ் (1963) மேலே வருகிறது. மெலோஸ் என்ற சிறிய குழு, கிதாரும் குழுவும் ஒரே அறையில் மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. பிரீம் மெதுவாக வாசிக்கும்போது குழுவும் காதைக் கொடுத்துக் கேட்பது தெரிகிறது. பாகோ தெ லூசியாவின் 1991 பதிவு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதிலும் கிதார் முன்னால்தான் நிற்கிறது, ஆனால் அங்கே எனக்கு முக்கியம் தாளம். முதல் பகுதியில் ஆறு மாத்திரையை மூன்று மூன்றாகவும் இரண்டு இரண்டு இரண்டாகவும் மாற்றி மாற்றி உடைப்பது ரோட்ரிகோவின் விளையாட்டு. மற்றவர்கள் அதை எண்ணி வாசிக்கிறார்கள். ஃப்ளமென்கோவில் பிறந்து வளர்ந்த பாகோவுக்கு அது நடக்கிற மாதிரி. சத்தத்தைப் பற்றி யோசிக்கவே விடமாட்டார். ரோட்ரிகோவுக்கு அப்போது 89 வயது, உயிரோடு இருந்தார்.

மைல்ஸ் டேவிஸின் 1960 'ஸ்கெட்சஸ் ஆஃப் ஸ்பெயின்' பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நடுப்பகுதியை கில் எவன்ஸ் காற்று வாத்தியக் குழுவுக்காகத் திருப்பி எழுத, மெட்டை மைல்ஸ் ஃப்ளூகல்ஹார்னிலும் ட்ரம்பெட்டிலும் ஊதுகிறார். எனக்குப் பிடித்த தட்டுதான். ஆனால் அதைக் கேட்டால் ஒன்று நிச்சயமாகிறது: அங்கே மெட்டு இருக்கிறது, கான்செர்ட்டோ இல்லை. வேண்டிய மட்டும் நீட்டக்கூடிய, வேண்டிய மட்டும் உரக்க ஊதக்கூடிய ஒருவர் அந்த மெட்டை வாசிக்கும்போது, அதற்குள் இருந்த பாடு போய்விடுகிறது. சோகம் மட்டும் மிஞ்சுகிறது.

ரோட்ரிகோவுக்குப் பின்னால் வந்ததில் வில்லா-லோபோஸ் 1951-ல் எழுதினதை முன்பு புகழ்ந்திருந்தேன். அதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். நடுவில் வருகிற பெரிய தனி ஆவர்த்தனம் செகோவியா கேட்டுச் சேர்த்தது. அது வரும்போது உருப்படி நிமிர்ந்து உட்காருகிறது, மற்ற நேரத்தில் கிதாரும் குழுவும் ஒரே பாதையில் இடித்துக்கொள்கின்றன. ரவிசங்கரின் 1971 சிதார் கான்செர்ட்டோவில் ப்ரெவினும் லண்டன் சிம்பொனியும் செய்வது இதற்கு நேர் எதிர்: சிதார் வாசிக்கும்போது குழு காத்திருக்கிறது, முடித்ததும் அதையே ஒப்பிக்கிறது. வகுப்பில் டீச்சர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்கிற மாதிரி. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அரன்ஹுவேஸின் கடைசிப் பகுதி முடிகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கான்செர்ட்டோ என்றால் கடைசியில் எல்லோரும் சேர்ந்து முழங்கி, கைதட்டலுக்கு வழி விடுவதுதான் வழக்கம். இது அப்படி முடியாது. கிதார் கடகடவென்று கீழே இறங்கி, சத்தமே இல்லாமல், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறவர் மாதிரி போய்விடும். அந்த டிசம்பரில் எங்கள் அரங்கத்தில் முடிந்தது தெரியாமல் இரண்டு மூன்று நொடி யாரும் கைதட்டவில்லை. அன்றைக்கு அதை அசம்பாவிதம் என்று நினைத்தேன்.

இப்போது நான் கேட்கிற முறை மாறிவிட்டது. ஹெட்போனை விட்டுவிட்டேன், டாக்டர் சொன்னதும் ஒரு காரணம். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவார்கள். காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை தெருவில் ஒரு தறியும் ஓடாது. பெரியப்பா திண்ணைக்கு வந்துவிடுவார். சின்ன ஸ்பீக்கரை அறைக்கோடியில் வைத்து, கிதார் சிரமப்பட்டுக் கேட்கிற அளவுக்குக் குறைத்துவிட்டு பிரீம் பதிவைப் போடுகிறேன். போன தடவை நடுப்பகுதி ஓடும்போது பெரியப்பா கை காட்டி நிறுத்தச் சொன்னார். "அந்த நாயனம் மாதிரி வருதே, அது மட்டும் இன்னொரு தபா போடு" என்றார். போட்டேன். கோர் ஆங்லே முடிந்து கிதார் எடுத்ததும், "இப்ப அதே பாட்டத்தான அவனும் தட்றான்?" என்று கேட்டார்.